கன்வெர்ட்டரை உடைக்காதீர்கள்: கருவடிக்குப்பம் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியின் கருவடிக்குப்பத்திலும் அதை ஒட்டிய லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டைத் தெருக்களிலும் பைக் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன்மார்களுக்கும், அவர்களிடம் தொழில் பழகும் தம்பிகளுக்கும், பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கும்:

உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். பழுதான சைலன்சரிலிருந்து வெட்டி எடுக்கும் கன்வெர்ட்டரை, அதாவது புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிப் பகுதியை, உடைக்காதீர்கள். இரும்போடு இரும்பாக எடைக்குப் போடாதீர்கள். நன்றாக வேலை செய்யும் கன்வெர்ட்டரை, வண்டிக்காரர் எவ்வளவு கேட்டாலும், கழற்றிவிடாதீர்கள். காரணம் தெரியாமல் ஒரு நட்டைக்கூடத் திருப்பாதவர்கள் நீங்கள். அதனால் காரணத்தையும் விரிவாகவே எழுதுகிறேன். நான் இந்த ஊரில் குடியிருப்பவன். வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன்.

பட்டறையில் தொழில் பழகும் தம்பி ஒருவன் சில மாதங்களுக்கு முன் என்னிடம் கேட்டான்: “சார், வினையூக்கி தானா தீராது, கடைசியில அப்படியே மிஞ்சும்னு பிளஸ் டூ புத்தகத்துல போட்டிருக்கு. அப்ப இந்தக் கன்வெர்ட்டர் மட்டும் ஏன் சார் கெட்டுப்போவுது?” பல வருடம் வகுப்பில் நின்றும் இவ்வளவு நேரான கேள்வியை நான் அதிகம் சந்தித்ததில்லை. புத்தகம் சொல்வதும் சரி, அவன் கண்ணால் பார்த்ததும் சரி. இரண்டும் எப்படி ஒன்றாகச் சரியாக இருக்க முடியும் என்பதில்தான் உங்கள் தொழிலுக்கும் நம் ஊர்க் காற்றுக்கும் வேண்டிய சேதி இருக்கிறது.

முதலில், கன்வெர்ட்டர் உள்ளே என்ன செய்கிறது? என்ஜினில் பெட்ரோல் முழுதாக எரிவதில்லை. எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் ஆவி, பாதி எரிந்து நிற்கும் கார்பன் மோனாக்சைடு, எரியும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடு, இந்த மூன்றும் புகையோடு வெளியே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே என்ஜினை ஓடவிட்டால் ஆளைக் கொல்வது அதுதான். அதோடு ஆக்சிஜன் சேர்ந்தால் தீங்கு குறைந்த கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடும். ஆனால் சைலன்சர் குழாய்க்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலும் அவை இரண்டும் சும்மா சேர்ந்துவிடாது. ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. அந்தப் பிடியை அவிழ்க்க 700 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். குழாயில் அவ்வளவு சூடு எப்போதும் இருக்காது.

கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம் அந்தப் பிடியை அவிழ்த்துவிடுகிறது. ஆக்சிஜன் மூலக்கூறு பிளாட்டினத்தின் மேல் வந்து ஒட்டியதும் இரண்டு தனி அணுக்களாகப் பிரிகிறது. பக்கத்திலேயே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் மேற்பரப்பில் நகர்ந்து சந்தித்து, கார்பன் டை ஆக்சைடாகிக் கிளம்பிவிடுகின்றன. இடம் காலியாகிறது. அடுத்த ஜோடி வந்து உட்காருகிறது. பிளாட்டினம் இதில் ஒன்றையும் இழக்கவில்லை. ஆனால் அது சும்மாவும் இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வாயுவோடு உண்மையாகவே பிணைந்து, பிறகு விடுபடுகிறது. வினையூக்கி வினையில் பங்கேற்பதில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று சிலர் சொல்லிக்கொடுப்பது தவறு. முழுக்கப் பங்கேற்றுவிட்டு, முடிவில் பழைய நிலைக்குத் திரும்புவதால்தான் அது மறுபடி பயன்படுகிறது. பிளாட்டினத்தின் மேல் இந்த வினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்து காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி கெர்ஹார்ட் எர்ட்ல் 2007-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். நீங்கள் தினமும் கையில் எடுக்கும் உதிரிபாகத்துக்குள் நடக்கும் வினை அது.

பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்து முடிக்கின்றன. மூன்றாவது உலோகமான ரோடியம், நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, நைட்ரஜனை வந்தபடியே காற்றுக்கு அனுப்புகிறது. இவ்வளவும் புகை உள்ளே நுழைந்து வெளியேறும் நேரத்துக்குள், கண் இமைப்பதற்குள் நடக்கிறது. அதற்குப் பரப்பு வேண்டும். கார்களில் பீங்கான் கட்டையில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 கண்கள் வீதம் துளை விட்டிருக்கும். பைக்குகளில் பெரும்பாலும் மெல்லிய எஃகுத் தகட்டை நெளித்துச் சுருட்டியிருப்பார்கள். இரண்டின் மேலும் அலுமினா பூசியிருக்கும். அந்தப் பூச்சில் ஒரு கிராமை எடுத்து அதன் நுண்துளைப் பரப்பையெல்லாம் விரித்தால் ஆயிரம் சதுர அடி வரும். அதன் மேல்தான் பிளாட்டினத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு துகளும் சில நானோமீட்டர் அகலம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். இவ்வளவு பொடியாகப் பரப்பியிருப்பதால்தான் ஒரு கிராமில் சிறு பங்கு உலோகமே ஒரு பைக்கின் வாழ்நாளுக்குப் போதுகிறது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். வினை வினையூக்கியைத் தீர்ப்பதில்லை. அதைக் கெடுப்பவை வினைக்கு வெளியிலிருந்து வருகின்றன. அவற்றில் பாதி உங்கள் கையால் தடுக்கக்கூடியவை.

முதல் எதிரி சூடு. அந்தத் துகள்கள் நெடுநாள் கடும் வெப்பத்தில் இருந்தால் இடம்பெயர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். மழைக்காலத்தில் ஜாடி உப்பு கட்டிதட்டுவது போல. உப்பு குறையவில்லை, ஆனால் கட்டியின் உள்ளே இருப்பது யாருக்கும் பயன்படாது. பிளாட்டினத்திலும் உள்ளே புதைந்த அணுவை எந்த வாயுவும் தொட முடியாது. தராசில் நிறுத்தால் எடை அப்படியே இருக்கும், வேலை மட்டும் நின்றுபோயிருக்கும். புத்தகமும் தம்பியின் கண்ணும் ஒன்றுசேரும் இடம் இதுதான்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிளக் சரியாக அடிக்காமல் வண்டி மிஸ் ஆகும்போது, எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. கொஞ்ச நாள் அப்படியே ஓட்டினால் பீங்கான் உருகும், தகடு கருகும், வழி அடைத்துக்கொள்ளும். வண்டி மூச்சுவிட முடியாமல் திணறும். “கன்வெர்ட்டர் அடைச்சிருக்கு, எடுத்துடலாம்” என்ற முடிவுக்கு அப்போது வருகிறீர்கள். அடைத்தது உண்மை. ஆனால் அது விளைவு. காரணம் பிளக்கிலோ, காயிலிலோ, இன்ஜெக்டரிலோ, பெட்ரோலை அதிகமாக ஊற்றவைக்கும் பழுதான ஓ2 (ஆக்சிஜன்) சென்சாரிலோ இருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுப் புதுக் கன்வெர்ட்டர் போட்டாலும் அதுவும் சாகும்.

இரண்டாவது எதிரி விஷம். வேதியியலில் அதற்கு வைத்திருக்கும் பெயரே அதுதான். பிளாட்டினத்தின் மேல் வந்து உட்கார்ந்து, கிளம்பாமல் அங்கேயே தங்கிவிடும் பொருள்கள் எல்லாம் விஷம். ஆயில் அடிக்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தேய்மானத்தைத் தடுப்பதற்காக என்ஜின் ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்த்திருக்கிறார்கள். ரிங் தேய்ந்து ஆயில் எரியும்போது அந்தப் பாஸ்பரஸ் போய் அலுமினாப் பூச்சின் மேல் கண்ணாடி போலப் படிந்துவிடும். நீலப்புகை அடிக்கும் வண்டியை “இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்ணே” என்று வாடிக்கையாளர் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் கன்வெர்ட்டரின் ஆயுளில் ஒரு பகுதி போகிறது. அடுத்தது கேஸ்கெட்டுக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ நீங்கள் தடவும் சிலிகான் பேஸ்ட். தவறான பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவினால் அதிலிருந்து வரும் ஆவி ஓ2 சென்சாரையும் கன்வெர்ட்டரையும் சேர்த்தே மூடிவிடும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபிலேயே அச்சிட்ட வகை கடையில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கந்தகமும் விஷம்தான். ஆனால் அது நல்ல சூட்டில் ஓரளவு பிரிந்து போய்விடும். பி.எஸ்.4 பெட்ரோலில் பத்து லட்சம் பங்குக்கு 50 பங்கு வரை இருந்த கந்தகத்தை, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது 10 பங்காகக் குறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விஷங்களில் மிகப் பெரியது ஈயம். இந்தக் கதையில் ஒரு பிரெஞ்சுக்காரர் வருகிறார். புதுச்சேரிக்காரர்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

யூஜின் ஊத்ரி 1892-இல் பாரிஸுக்குப் பக்கத்தில் பிறந்தவர். இரும்புத் தொழில் செய்த குடும்பம். முதல் உலகப்போரில் டாங்கிப் படையில் சேர்ந்து 1917-இல் காயம்பட்டார். நம் கடற்கரைச் சாலையில் நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் அதே போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவுக்காக எழுப்பியது. போருக்குப் பிறகு ஊத்ரிக்குப் பந்தயக் கார்கள் மேல் பித்து. நல்ல பெட்ரோல் வேண்டும் என்று தேடத் தொடங்கி, கனமான எண்ணெயைச் சிலிக்கா–அலுமினா வினையூக்கியின் மேல் செலுத்தினால் தரமான பெட்ரோலாக உடைகிறது என்று கண்டார். அந்த வினையில் கரி படிந்து வினையூக்கி சீக்கிரமே கறுத்து அடைத்துவிடும். மற்றவர்கள் அதோடு கைவிட்டார்கள். ஊத்ரி, படிந்த கரியை எரித்துவிட்டு அதே வினையூக்கியை மறுபடி வேலைக்கு விட்டார். அவர் அமெரிக்காவுக்குப் போன பிறகு, 1937-இல் பென்சில்வேனியாவில் பெரிய ஆலையே தொடங்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டு விமானங்களுக்கான உயர்தரப் பெட்ரோலில் அந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் காட்டிய வழி இன்னும் விரிவாக நம் பக்கத்திலேயே நடக்கிறது. சென்னை மணலியில் உள்ளது போன்ற சுத்திகரிப்பு ஆலைகளில் மாவு போல இருக்கும் வினையூக்கி, எண்ணெயோடு சில நொடிகள் சேர்ந்து ஓடுகிறது. கரி பூசிக்கொண்டு பக்கத்துக் கலத்துக்குப் போகிறது. அங்கே சுமார் 700 டிகிரியில் கரி எரிந்துபோகிறது. சூடாறாமலே திரும்பி வந்து மறுபடி எண்ணெயில் கலக்கிறது. இரவும் பகலும் இந்தச் சுற்று நிற்பதில்லை. வினையூக்கியை மறுபடி பயன்படுத்த முடியுமா என்று கேட்டால் நான் முதலில் காட்டும் உதாரணம் அதுதான். அங்கேயும் விஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரத்தான் செய்யும். அதனால் பழையதில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள்.

வனஸ்பதி ஆலையில் இது வேறு மாதிரி. எண்ணெயைக் கெட்டியாக்கும் நிக்கல் தூளை வடிகட்டி எடுத்து அடுத்த முறைக்கும் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் வேகம் கொஞ்சம் குறையும். ஒரு கட்டத்தில் கழித்துவிடுவார்கள். நிக்கலின் இந்தக் குணத்தைக் கண்டறிந்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், துலூஸ் நகரத்துப் பேராசிரியர் பால் சபாத்தியே. 1912-இல் நோபல் பரிசு பெற்றார். அமோனியா ஆலைகளில் இரும்பு வினையூக்கி பத்து வருடத்துக்கும் மேலே தாங்கும். ஆகவே எல்லா வினையூக்கிக்கும் ஒரே ஆயுள் என்று கணக்கில்லை. எதனோடு பழகுகிறது, என்ன சூட்டில் இருக்கிறது, விஷம் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தது.

ஊத்ரிக்குத் திரும்புகிறேன். வயதான காலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை மூடிய புகைமூட்டத்தைப் பற்றிய ஆய்வுகளைப் படித்தபோது அவருக்கு மனம் பொறுக்கவில்லை. கார்கள் குடிக்கும் பெட்ரோலைப் பெருக்கியதில் தனக்கும் பங்கு உண்டே என்று, அந்தப் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைத் தேட ஆரம்பித்தார். 1950-களில் கன்வெர்ட்டருக்குக் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அதைக் காரில் போட முடியவில்லை. என்ஜின் தட்டாமல் இருக்க 1920-களிலிருந்தே பெட்ரோலில் ஈயம் கலந்துவந்தார்கள். அந்த ஈயம் பிளாட்டினத்தை மூடி, கொஞ்ச தூரத்திலேயே கொன்றுவிட்டது. 1962-இல் ஊத்ரி இறந்தார். அமெரிக்காவில் 1970-இல் தூய காற்றுச் சட்டம் வந்து, ஈயமில்லாப் பெட்ரோல் வந்து, 1975 மாடல் கார்களில்தான் அவருடைய கருவி ஓடத் தொடங்கியது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும் புதுக் கார்களில் கன்வெர்ட்டரும் ஒன்றாக வந்தன. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நின்றது. ஒரு விஷத்தை நீக்கியபோது வினையூக்கி மட்டும் பிழைக்கவில்லை, குழந்தைகளின் மூளையையும் ரத்தத்தையும் கெடுத்துக்கொண்டிருந்த ஈயமும் சேர்ந்தே போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

நம் தெருவுக்கு வருகிறேன். சிவாஜி சிலைச் சந்திப்பில் சனி, ஞாயிறு மாலைகளில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) வண்டிகள் அணிவகுத்து நிற்பதை நீங்கள் வாரந்தோறும் பார்க்கிறீர்கள். அந்த வரிசையில் கன்வெர்ட்டர் கழற்றிய பைக் ஒன்று நின்றால், அதற்குப் பின்னால் ஸ்கூட்டரில் அம்மாவுக்கு முன்னால் நிற்கும் குழந்தையின் மூக்கு அதன் சைலன்சர் உயரத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜெக்டர், ஓ2 சென்சார், கன்வெர்ட்டர் மூன்றும் சேர்ந்துதான் ஒரு வேலையைச் செய்கின்றன. காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்ற எடை அளவுக்குக் கிட்டத்தில் இருந்தால்தான் மூன்று விஷ வாயுக்களும் ஒருசேரக் குறையும். அந்த அளவைக் காப்பது சென்சாரின் வேலை. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அடைத்துப்போன கன்வெர்ட்டரை எடுத்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். நல்ல கன்வெர்ட்டரை எடுப்பதால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். வெட்டிய கை உங்களுடையது. நாளைக்கு வண்டியை நிறுத்திக் கேட்கும்போது அவர் உங்களைத்தான் காட்டுவார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாதது. கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடானால்தான் வேலையைத் தொடங்கும். கருவடிக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்கு ஒரு கட்டு கீரை வாங்கப் போய்வரும் தூரத்தில் பல நேரம் அது முழுதாக விழித்திருக்காது. அந்தத் தூரத்துக்கு நடந்தோ சைக்கிளிலோ போகச் சொல்வது மெக்கானிக்கின் வேலை இல்லைதான். ஆனாலும் உங்கள் வாய்ச்சொல்லுக்கு இந்தத் தெருக்களில் டாக்டர் சொல்லுக்கு உள்ள மதிப்பு இருக்கிறது.

அடுத்தது செத்த கன்வெர்ட்டர். பழைய இரும்புக் கடை அண்ணன்மார்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

வினையூக்கி செத்தாலும் உலோகம் சாகவில்லை என்று மேலே சொன்னேன். கட்டிதட்டியோ மூடியோ கிடக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்தைப் பிரித்தெடுத்துப் புதுக் கன்வெர்ட்டரில் மறுபடி போடலாம். ஒரு அணுவுக்கும் வயதாவதில்லை. தென்னாப்பிரிக்காவின் சுரங்கங்களில் ஒரு டன் பாறையைத் தோண்டி, அரைத்து, உருக்கினால் கிடைக்கும் இந்த வகை உலோகம் சில கிராம்தான். உலகத்துப் பிளாட்டினத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. அதே ஒரு டன் அளவுக்குப் பழைய கார்க் கன்வெர்ட்டர்களின் பீங்கானைச் சேர்த்தால் கிலோக் கணக்கில் கிடைக்கக்கூடும். பூமிக்கு அடியில் உள்ள தாதுவைவிட நம் ஊர்ச் சாலையில் ஓடுவது வளமான தாது. ரோடியத்தின் விலை 2021 மார்ச்சில் 31 கிராமுக்கு 29,000 டாலரைத் தாண்டியது. பிறகு பெரிதும் இறங்கிவிட்டது. விலை ஏறும்போது வண்டிக்கு அடியில் படுத்துக் கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போகும் திருட்டும் கூடியது. நம் நாட்டில் ஈக்கோ வேன்களில் இப்படி நடந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். ஆகவே யாராவது தனியாக அறுத்த கன்வெர்ட்டரைக் கொண்டுவந்தால், எந்த வண்டியுடையது, ஏன் எடுத்தார்கள் என்று கேட்டு, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டுதான் வாங்குங்கள். அது உங்களுக்கே பாதுகாப்பு.

உடைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பதற்கு இரண்டு காரணம் உண்டு. சுத்தியால் தட்டும்போது உதிரும் தூளில்தான் உலோகம் இருக்கிறது. அது காற்றிலும் தரையிலும் போனால் குப்பையோடு குரும்பாபேட் கிடங்குக்குப் போய்ச் சேரும், யாருக்கும் பயனில்லை. அதைவிடப் பெரிய காரணம் உங்கள் நுரையீரல். கார்க் கன்வெர்ட்டரின் பீங்கான் தூளும், அதைச் சுற்றியிருக்கும் நார் விரிப்பும் மூச்சில் போகக் கூடாதவை. ராஜதிராவகத்தில் போட்டு வீட்டிலேயே பிளாட்டினம் எடுக்கலாம் என்று சிலர் செய்து காட்டுகிறார்கள். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த அந்தத் திராவகத்திலிருந்து குளோரினும் பழுப்புப் புகையும் வரும். அப்போது இருமல்தான் இருக்கும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து ஆளைச் சாய்க்கும். கரைந்து உண்டாகும் பிளாட்டின உப்பு வேறு, பழகப்பழக ஆஸ்துமாவைக் கொடுக்கும். எல்லா வசதியும் உள்ள சுத்திகரிப்புத் தொழிற்சாலைகளிலேயே தொழிலாளர்களுக்கு அப்படி வந்திருக்கிறது. மிஞ்சும் திராவகத்தைக் கால்வாயில் ஊற்றினால் அது நம் நிலத்தடி நீருக்கும் கடலுக்கும்தான் போகும்.

முறையான தொழிற்சாலையில் நடப்பது வேறு. வந்த சரக்கை மூடிய இயந்திரத்தில் அரைத்து, ஒன்றாகக் கலந்து, மாதிரி எடுத்து எவ்வளவு உலோகம் என்று அளக்கிறார்கள். பிறகு 1,500 டிகிரிக்கு மேல் உலையில் இரும்போடோ செம்போடோ உருக்குகிறார்கள். பிளாட்டின வகை உலோகம் எல்லாம் அந்த உருகிய உலோகத்தில் சேர்ந்து அடியில் இறங்க, பீங்கான் கசடாக மேலே மிதக்கும். அதிலிருந்து கரைத்துப் பிரிக்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மீண்டுவிடுகிறது. நவி மும்பையில் ஹிந்துஸ்தான் பிளாட்டினம், உதய்ப்பூரில் ரவீந்திர ஹெரேயஸ் போன்ற நிறுவனங்கள் இந்த உலோகங்களைச் சுத்திகரிக்கின்றன. ஆனால் தனிப் பட்டறையிலிருந்து ஒரு சாக்குப்பை கன்வெர்ட்டரோடு அங்கே போய் நிற்க முடியாது. இடையில் சேகரிப்பவர்கள் வேண்டும். பைக் கன்வெர்ட்டரில் உலோகம் மிகக் குறைவு, தகட்டிலிருந்து பூச்சைப் பிரிப்பதும் சிரமம் என்பதால் ஒற்றை ஒற்றையாக விற்றால் விலையும் கிடைக்காது. இரும்புத் தராசில் ஏறிப் போவதற்கு அதுதான் காரணம். உங்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

அதனால் ஒரு யோசனை. ஈ.சி.ஆருக்கு மேற்கே இருக்கும் பட்டறைகள் ஒன்றாகவும் கிழக்கே இருப்பவை ஒன்றாகவும் சேர்ந்து, மூடி போட்ட ஒரு டிரம் வையுங்கள். செத்த கன்வெர்ட்டரை உறையைப் பிரிக்காமல், இரண்டு பக்கக் குழாயையும் ரம்பத்தால் அறுத்து, வாயை டேப்பால் ஒட்டி அதில் போடுங்கள். கார் வகையும் பைக் வகையும் கலக்க வேண்டாம். மேலே மாடலையும் வண்டி எண்ணையும் மார்க்கரில் எழுதுங்கள். மாடல் தெரிந்தால் வாங்குபவர் உலோகத்தின் அளவை ஏறக்குறையச் சொல்லிவிடுவார். டிரம் நிறைந்ததும், மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி உள்ள மறுசுழற்சிக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். சரக்கை அரைத்து மாதிரி பார்த்த அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கை தர மறுப்பவருக்கு விற்காதீர்கள். வரும் பணத்தை எழுதிவைத்த எண்ணிக்கைப்படி பிரித்துக்கொள்ளலாம். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் டிரம்மைத் தன் கடையில் வைத்து, கணக்குப் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டால் அவருக்கும் ஒரு பங்கு நியாயம்தான்.

கணக்கு நோட்டு எழுதவும், அறிக்கையில் உள்ள எண்களைப் படித்துச் சொல்லவும், அனுமதி உள்ள நிறுவனங்களுக்குக் கடிதம் போடவும் என்னால் முடியும். சித்தானந்த சுவாமி கோயில் பக்கத்தில் மாலை நேரங்களில் என்னைப் பார்க்கலாம். தொழில் பழகும் தம்பிகளையும் அழைத்து வாருங்கள். அறுத்த கன்வெர்ட்டர் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதன் கண்களை லென்ஸில் பார்த்துக்கொண்டே மீதிக் கேள்விகளையும் பேசலாம். முதல் டிரம்மை எந்தக் கடையில் வைப்பது என்பதை மட்டும் நீங்கள் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

அன்புடன்,
கருவடிக்குப்பத்திலிருந்து
உங்கள் வேதியியல் வாத்தியார்